தள்ளிப்போட முடியாத மாதம்

பல்கலைக்கழகத்தில் எங்கள் பட்ச்சில் ஒரு பாடத்தை நேரத்தோடு படித்து முடிப்பது, விரத நாளில் ஒளித்துக் கருவாடு தின்பது போன்ற காரியம். செய்யலாம், ஆனால் வாசம் வெளியில் போகக் கூடாது. யாராவது "முடிச்சிட்டியா?" என்று கேட்டால் உடனே முகத்தைத் தொங்கப்போட்டு, "ஐயோ, நான் இன்னும் தொடவேயில்ல" என்று சொல்லிவிட வேண்டும். கேட்டவளும் முடித்திருந்தால் அவளும் அதே பொய்யைச் சொல்வாள். இரண்டு பேரும் பொய் சொல்லிவிட்டு, தோளில் கை போட்டுக்கொண்டு கென்ரீனுக்குப் போவோம். இதற்குப் பெயர் ஒற்றுமை.

அந்த ஒற்றுமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அதன் உச்சம் திகதி தள்ளுவது. லெக்சரில் ஓர் அசைன்மென்ட் தந்தால், ஒப்படைக்கும் நாளுக்கு முந்திய கிழமை எங்கள் பட்ச்சின் பிரதிநிதி பட்டாளத்தோடு கிளம்புவான். அவனை எல்லோரும் 'ரெப்' என்றுதான் கூப்பிட்டோம், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். வெட்டிய மீசை, இஸ்திரி போட்ட சேட், பெரியவர்களைக் கண்டால் தானாக வளையும் முதுகு. அழுவதற்குத் தயாரான முகமுள்ள இரண்டு பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விரிவுரையாளரின் அறைக் கதவைத் தட்டுவான். "பட்ச்ல ஒருத்தரும் முடிக்கல்ல மிஸ், ஒரு ரெண்டு கிழமை தாங்க மிஸ்." அந்த 'ஒருத்தரும்' என்ற சொல் மெய்யாக இருக்க வேண்டுமென்றால் ஒருத்தரும் முன்கூட்டிக் கொடுத்திருக்கக் கூடாது. யாராவது ஒருத்தி கொடுத்துவிட்டால் ரெப்பின் மானம் கப்பலேறிவிடும். அப்படிக் கொடுத்தவளை 'பட்ச் அவுட்' ஆக்குவார்கள். பேச மாட்டார்கள், பக்கத்தில் இருக்க மாட்டார்கள், வட்ஸ்அப் குறூப்பிலிருந்தும் தூக்கிவிடுவார்கள்.

முதலாம் வருடத்திலிருந்தே நான் ஒளித்துப் படித்தவள். என் முறையில் மந்திரம் ஒன்றும் கிடையாது. அடுத்த கிழமை நடக்கப்போவதை இந்தக் கிழமையே வாசித்துவிடுவேன். எங்கள் ஊரான தன்னாமுனையில் ஏறினால் பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்காது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருவரின் வியர்வைக் கக்கத்துக்குக் கீழே மூக்கை வைத்துக்கொண்டு, மற்றக் கையில் போனைப் பிடித்து வாசித்தேன். லெக்சரில் உட்காரும்போது அது எனக்கு இரண்டாம் தடவை. வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணி குடிக்க முன்னமே அன்றைய கணக்குகளைச் செய்து முடித்துவிடுவேன். தேத்தண்ணி குடித்தால் கட்டில் கூப்பிடும், அதுதான் காரணம்.

புள்ளிவிபரவியல் எங்களுக்குக் கட்டாயப் பாடம். கலைப் பிரிவுக்கு வந்ததே கணக்கிலிருந்து தப்பத்தான் என்று நினைத்தவர்களுக்கு அது பேய். மிஸ் கரும்பலகையில் நியம விலகலுக்கான சூத்திரத்தை எழுதியதும் பின்வரிசை வாங்குகளில் போன்கள் வெளியே வரும். எனக்கு அந்தப் பாடம் பிடித்திருந்தது. அதையும் வெளியில் சொல்ல முடியாது.

இவ்வளவு அவசரம் எனக்கு ஏன் என்று கேட்டால், அம்மா.

அம்மா கட்டாரில் வீட்டுவேலை. நான் எட்டாம் ஆண்டு படிக்கும்போது போனவர். அப்பா அதற்கு முன்னமே இன்னொரு குடும்பத்தோடு போய்விட்டார், அவருக்கு இந்தக் கதையில் இந்த வரியே அதிகம். அம்மா அனுப்பிய காசில் கட்டிய, வெளிச்சுவர் இன்னும் பூசாத இரண்டு அறை வீட்டில் நான் இருந்தேன். பக்கத்து வளவிலிருந்து சின்னம்மா படுக்க வருவார், விடிந்ததும் போய்விடுவார். அம்மாவுக்கு விடுமுறை என்பது அந்த வீட்டுக்காரர் குடும்பத்தோடு குளிர் நாடுகளுக்குப் போகும் மாதம். அவர்கள் போனால் அம்மா வரலாம், அவர்கள் திரும்பினால் அம்மா திரும்ப வேண்டும். அந்தத் திகதியைத் தள்ளித் தரச்சொல்லி எந்த ரெப்பும் எந்தக் கதவையும் தட்ட முடியாது.

அந்த வருடம் ஓகஸ்ட் முழுக்க அம்மாவுக்கு லீவு கிடைத்தது. ஆசைகள் எனக்குப் பெரிதாக இல்லை. அம்மாவை ஒரு மாதம் ஒரு கதிரையில் உட்கார வைத்து, நான் சமைத்து, நான் பரிமாறி, அவர் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இதற்காகவே சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்துச் சேர்த்த காசில் செங்கலடிச் சந்தைப் பக்கம் ஒரு கடையில் நீலநிறக் கதிரை ஒன்று வாங்கினேன். பிளாஸ்ரிக்தான், ஆனால் கைப்பிடி வைத்தது, முதுகு நல்லாய்ச் சாயும். பஸ் கூரையில் கட்டிக் கொண்டுவந்தேன். முன் விறாந்தையில் போட்டு, மேலே ஒரு துணி மூடி வைத்தேன்.

அசைன்மென்ட் ஜூலைக் கடைசியில். டெஸ்ட் அதற்கடுத்த இரண்டு நாளில். அம்மா வந்து இறங்கும்போது என் மேசையில் ஒரு துண்டுக் கடதாசி இருக்கக் கூடாது என்று அந்த செமஸ்டர் முழுக்க ஓடினேன். ஓடி, முடித்தும் விட்டேன்.

அப்போதுதான் ரெப், கென்ரீனுக்குப் பின்னால் எல்லோரையும் கூட்டினான். பக்கத்தில் எச்சில் சாப்பாடு கொட்டுகிற பீப்பா. அதில் ஈ மொய்க்க, நாய் ஒன்று தலையை விட்டு நக்க, அந்த மணத்துக்குள் நின்று அவன் ஒற்றுமையைப் பற்றிப் பேசினான்.

"மிஸ்ஸோட கதைச்சிட்டன். எல்லாரும் ஒண்டா நிண்டா ரெண்டு கிழமை தருவாவாம். ஒருத்தரும் குடுக்கப்படாது, சரியா?"

அது அம்மாவின் மாதத்தின் நட்ட நடு.

"எனக்கு ஏலாது," என்றேன். "அம்மா வாறா. நான் முடிச்சிட்டன். நான் குடுக்கப்போறன்."

முப்பது நாற்பது முகங்கள் என்னைப் பார்த்தன. நான் அந்தப் பீப்பாவுக்குள் இருந்து எழும்பி வந்தவள் மாதிரிப் பார்த்தன. முதலாம் வருடத்தில் என்னோடு ஒட்டிக்கொண்டு திரிந்த ஆரையம்பதி ஊர்ப் பிள்ளைகூடத் தலையைக் குனிந்து நகத்தைக் கடித்தாள்.

"ஓ, நீங்க பெரிய ஆள்தானே," என்றான் ரெப். "குடுங்க. மறுகா எங்களோட கதைக்க வராதீங்க."

கொடுத்தேன். மிஸ் வாங்கி வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு இரண்டு கிழமையும் கொடுத்தார். டெஸ்ட்டும் கூடவே தள்ளிப்போனது. அன்று மத்தியானமே குறூப்பில் என்னைக் காணவில்லை. எனக்குக் கவலை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் ஆளை விட்டால் போதும் என்ற நிம்மதி அதைவிடக் கூட. டெஸ்ட்டுக்கு நான் தயார். ஒரு நாள் காலை போய் எழுதிவிட்டு வந்தால் மிச்ச மாதம் எனக்கு.

அம்மா வந்தார். சூட்கேசைத் திறக்க முன்னமே விளக்குமாற்றை எடுத்தார். நான் கூட்டி வைத்த முற்றத்தைத் திரும்பக் கூட்டினார். கதிரையைக் காட்டி, துணியை எடுத்து, "இது உங்களுக்கு" என்றேன். "நல்லாருக்கு கிளி" என்று கைப்பிடியைத் தடவிவிட்டுக் குசினிக்குள் போனார். சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்தால் தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி, நாலு வாயில் விழுங்கி முடித்தார். முடித்த கையோடு தட்டையும் கழுவிவிட்டார்.

"கதிரையில இருந்து சாப்பிடுங்களன் அம்மா."

"அங்க இருந்து சாப்பிட நேரமில்ல மனே. பெல் அடிச்சா ஓடணும். அப்பிடியே பழகிற்று."

பெல் என்றால் அங்கே மேல்மாடியில் அந்த வீட்டம்மா அழுத்துகிற பெல். எங்கள் வீட்டில் பெல் இல்லை. ஆனால் பக்கத்து வீதியில் சைக்கிள் மணி அடித்தாலும் அம்மாவின் கால் ஓரடி முன்னுக்கு வைத்துவிட்டுத்தான் நிற்கும். பார்க்கப் பார்க்க எனக்கு அந்தப் பெல்லின்மேல் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

மெல்ல மெல்லத்தான் அவரைப் பழக்கினேன். முதலில் தேத்தண்ணிக்கு மட்டும் கதிரை. பிறகு தேத்தண்ணியும் பிஸ்கட்டும். முதல் கிழமை முடியும்போது, வீட்டுக்குப் பின்னால் உள்ள வாவியின் இறாலை முருங்கைக்காயோடு சமைத்து, சோற்றோடு கொண்டுபோய் மடியில் வைத்தேன். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அம்மா கதிரையில் சாய்ந்து, காலை நீட்டி, ஒவ்வொரு இறாலாக எடுத்துச் சாப்பிட்டார். நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்புக் குறைய," என்றார்.

என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு சந்தோசப்படுத்தியதில்லை. குறை சொல்கிற அளவுக்கு அம்மா இந்த வீட்டுக்குச் சொந்தக்காரியாகிவிட்டார் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த நாள் வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. ரெப் முதலில் இறங்கினான். பின்னால் ஏழெட்டுப் பேர், ஆரையம்பதிப் பிள்ளையும் ஒருத்தி. கையில் ஒரு கிறீம் பிஸ்கட் பக்கற். முதுகில் போட்டோக் கொப்பியால் வீங்கிய பைகள்.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் எங்கள் பக்கத்தில் பார்க்கப் போவது வழமை. பார்க்க வந்தவரைத் திருப்பி அனுப்புவது எந்த வீட்டிலும் நடக்காது, ஜென்மப் பகை இருந்தாலும் நடக்காது. இது ரெப்புக்கு நல்லாகவே தெரியும்.

"அன்ரியப் பாக்க வந்தம்," என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "இவ இல்லாட்டி எங்கட பட்ச்சே இல்ல அன்ரி. இவட குப்பியாலதான் நாங்க பாஸாகிறது."

குப்பி என்பது மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு. அந்தக் காலத்தில் கெம்பஸ் பிள்ளைகள் அதைக் கொளுத்தி வைத்துக் கூடிப் படித்தார்களாம். இன்றைக்கு விளக்கு இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. படித்தவள் படிக்காதவர்களுக்குச் சோதனைக்கு முன்னால் இலவசமாகப் படிப்பிப்பதுதான் குப்பி. கேட்டால் மறுக்கக் கூடாது. மறுத்தால் அதுவும் ஒற்றுமைக்குக் கேடு. நான் அதுவரை ஒரு குப்பிகூடச் செய்ததில்லை, அவன் சொன்னது வடிகட்டிய பொய். இப்போது நான் முடித்துவிட்டதால் எனக்கு நேரம் இருக்கிறதாம். ஓடி ஓடிச் சேர்த்த என் நேரம் அவர்களுக்கு ஊர்ப் பொதுக் கிணறு.

நான் வாயைத் திறக்க முன்னம் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு மலர்ச்சியை நான் வீடியோ கோலில்கூடக் கண்டதில்லை.

"வாங்க, வாங்க மக்கள். உள்ளுக்கு வாங்க. எல்லாரும் இவட சினேகிதங்களா? இருங்க, தேத்தண்ணி ஊத்துறன்."

ரெப் சுற்றிப் பார்த்தான். விறாந்தையில் ஒரேயொரு நல்ல இருக்கைதான் இருந்தது. அந்த நீலக் கதிரையைத் தூக்கி நடு அறைக்குக் கொண்டுவந்து போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். மற்றவர்களுக்கு அம்மா பாய் விரித்தார். பிஸ்கட் பக்கற்றை அவர்களே உடைத்து அவர்களே தின்றார்கள். அரை மணித்தியாலத்தில் பைகள் திறந்தன. "ஒரேயொரு கணக்கு கா," என்றார்கள், எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளைக் கூப்பிடும் அந்தக் 'கா'வை இழுத்து. மத்தியானம்வரை போனது. போகும்போது அம்மா படலைவரை வந்து, "நாளைக்கும் வாங்க, இஞ்சயே இருந்து படிங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கே குசினியில் வைத்துச் சொன்னேன். "அம்மா, இவங்க ஒண்டும் என்ட சினேகிதங்கள் இல்ல. சும்மா இனி வரச்சொல்லாதீங்க."

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"அப்பிடிச் சொல்லாத கிளி. அங்க படுக்கக்குள்ள ஒவ்வொரு நாளும் நினைக்கிற, புள்ள தனியக் கிடக்குதே எண்டு. இண்டைக்குத்தான் மனம் ஆறினது. நான் இல்லாத காலத்தில உனக்கு இவங்கதானே இருந்திருக்காங்க."

அம்மா கழுவி வைத்த கோப்பைகளை எடுத்துத் துடைத்து அடுக்கினேன்.

பிறகு ஒவ்வொரு நாளும் வந்தார்கள். ஆட்கள் கூடினார்கள். என் பெயரையே அறியாதவர்கள் எல்லாம் வந்து, "அன்ரி, தண்ணி" என்றார்கள். ஓகஸ்ட் வெயிலில் வாவி வற்றி, கரையில் ஒதுங்கிய பாசி அழுகி, அந்த நாற்றம் பின்பக்கத்தால் வீட்டுக்குள் வரும். முன்பக்கத்தால் இவர்களின் சப்பாத்துக்குள் வியர்த்த கால்மேசு நாற்றம் வரும். இரண்டும் நடு அறையில் சந்திக்கும் இடத்தில் நின்று நான் நியம விலகல் சொல்லிக்கொடுத்தேன். ஒருவன் பேனை மூடியால் காது குடைந்து, வந்ததைப் பார்த்து, பாயில் துடைத்துவிட்டு, அதே பேனையை "இதில எழுதிக் காட்டு" என்று என்னிடம் நீட்டினான். ஒருத்தி தேத்தண்ணிக்குள் வடையை முக்கி, விழுந்த துண்டை விரல் விட்டுத் துழாவினாள். சுவிங்கத்தைக் கதிரையின் கைப்பிடிக்கு அடியில் ஒட்டினான் ரெப். என் கண் முன்னாலேயே, பேசிக்கொண்டே ஒட்டினான். கக்கூசுக்குப் போனவர்கள் தண்ணீர் ஊற்றவில்லை. அவர்கள் போன பிறகு அம்மா வாளியோடு அங்கே போவார். நான் பறித்தால் விட மாட்டார்.

எல்லாவற்றையும்விட அவர்களின் படிப்புத்தான் அருவருப்பு. விளங்கிக்கொள்ள ஒருவருக்கும் மனமில்லை. "இதெல்லாம் வேணாம் கா, டெஸ்ட்டுக்கு வாறத மட்டும் சொல்லு." நான் சராசரியிலிருந்து ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு விலகி நிற்கிறது என்று விளக்கத் தொடங்கினால் கொட்டாவி விடுவார்கள். விடையை எழுதினால் தலைகள் எல்லாம் ஒன்றாகக் குனியும், தட்டு வைத்ததும் கோழிகள் குனிகிற மாதிரி. எழுதி முடிந்ததும் போனில் படம் எடுத்து, வராத மற்றவர்களுக்கும் அனுப்புவார்கள். அந்தக் குறூப்பில் நான் இல்லை. என் எழுத்து மட்டும் இருந்தது.

அம்மா வடை சுட்டார். பிறகு மத்தியானச் சோறும் ஆக்கத் தொடங்கினார். திருவலையில் உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டே உள்ளே கேட்கும் சிரிப்புச் சத்தத்துக்குத் தானும் சிரிப்பார். எனக்குக் கிடைத்த அம்மா அவ்வளவுதான். நான் கணக்குச் சொல்ல, அவர் கோப்பை கழுவ, எங்கள் மாதம் அப்படிப் போய்க்கொண்டிருந்தது. விறாந்தையில் கதிரை இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

டெஸ்ட்டுக்கு முதல் நாள். நான் சுவரில் ஒட்டிய கடதாசியில் கடைசிக் கணக்குகளில் ஒன்றை எழுதிவிட்டுத் திரும்பினேன். நடு அறைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு சீலைத் திரை. அதற்குப் பக்கத்தில் அம்மா நின்றார். முதுகைச் சுவரில் சாய்க்காமல், இரண்டு கையையும் வயிற்றுக்கு மேல் கோர்த்துக்கொண்டு நின்றார். அவர் ஆட்களைப் பார்க்கவில்லை, கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கோப்பை முடிகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

ரெப் தன் கோப்பையைக் குடித்து முடித்தான். எழுதுவதை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல், வெறும் கோப்பையைப் பக்கவாட்டில் காற்றில் நீட்டினான். அம்மா சத்தமில்லாமல் வந்து இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, முதுகைக் காட்டாமல், முகம் இந்தப் பக்கமாகவே பின்னடி வைத்துப் போனார்.

கட்டாரில் அம்மா எப்படி இருந்தார் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அதை என் வீட்டு நடு அறையிலேயே கண்டுவிட்டேன்.

மற்றக் கோப்பைகளைப் பொறுக்க நான் குனிந்தேன். அவசரத்தில் ஒன்று உருண்டது. ஆரையம்பதிப் பிள்ளை என் கையைப் பிடித்தாள். நல்ல மனதோடுதான் பிடித்தாள், அதுதான் தாங்க முடியாதது.

"விடு கா, நீ கணக்கச் சொல்லு. அம்மாக்கு இது பழக்கமான வேலைதானே."

திரைக்கு அங்கால் கழுவுகிற சத்தம் நின்றது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் ரெப்புக்கு முன்னால் போய் நின்றேன். "எழும்பு."

"என்ன?"

"அந்தக் கதிரையால எழும்பு."

"என்ன கா உனக்கு? அன்ரியே ஒண்டும் சொல்லயில்ல..."

"அது எங்கம்மாக்கு வாங்கின கதிர. எழும்புடா! எல்லாரும் எழும்புங்க. பையத் தூக்குங்க."

எழும்பினார்கள். ரெப் மட்டும் சுவர்க் கடதாசியைப் பார்த்தான். "நாளைக்கு டெஸ்ட் கா. அந்தக் கடைசிக் கணக்க மட்டும் சொல்லித் தந்துபோட்டுக் கோவி."

அதைக் கேட்டதும் என் வாயிலிருந்து எல்லாம் கொட்டியது. "கேக்க வெக்கமில்ல? என்னோட ஒருத்தரும் கதைக்கப்படாது எண்டு சொன்னது நீதானே? குறூப்பால தூக்கினது நீதானே? படலைக்கு வெளியில என்னக் கண்டா ஒருத்தராவது சிரிச்சிருக்கீங்களா? முதலாம் வருசத்துக்குப் பிறகு உங்கள்ள ஒரு ஆள், ஒரேயொரு ஆள், என்னட்ட சாப்பிட்டியா எண்டு கேட்டிருக்கா?"

செருப்பு மாட்டுகிற சத்தம், மோட்டார் சைக்கிள் சத்தம். போகிற போக்கில் ஒருத்தன் சுவர்க் கடதாசியைப் படம் எடுத்தான். சத்தியமாக எடுத்தான்.

கதிரையைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். சுவிங்கத்தைக் கத்தியால் சுரண்டினேன். நகத்துக்குள் போய் ஒட்டிக்கொண்டது, எத்தனை தடவை கழுவியும் அந்தப் புதினாச் சீனி மணம் போகவில்லை. காய வைத்து விறாந்தையில் பழைய இடத்தில் போட்டுவிட்டு, "வாங்க அம்மா, இருங்க" என்று கூப்பிட்டேன். அம்மா குசினி வாசலில் நின்றார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். வந்தவர்களை விரட்டியதற்கு அல்லது அந்தப் பிள்ளை சொன்ன சொல்லுக்கு.

"அப்ப," என்றார், "இவ்வளவு காலமும் உனக்கு ஒருத்தருமில்லயா?"

எல்லாப் பாடத்துக்கும் ஒரு கிழமை முன்னாலேயே விடை வைத்திருந்தவள் நான். இதற்கு என் கையில் இருந்தது ஒரு பொய்தான்.

"ஏன் இல்ல? வேற ஆக்கள் இருக்காங்க," என்றேன். "நல்ல புள்ளைகள். இவங்களப் போல இல்ல."

"மெய்யா?"

"மெய்யா."

"அப்ப நான் போறதுக்கிடையில அவங்களக் கூட்டி வா மனே. ஒருக்காப் பாக்கணும்."

"ஓம் அம்மா."

டெஸ்ட் முடிந்தது. எல்லோரும் பாஸ். ஒற்றுமையின் வெற்றி என்று ரெப் குறூப்பில் எழுதியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். துப்புவதற்கு அதற்குமேல் என்னிடம் எச்சிலும் இருக்கவில்லை.

எனக்கு ஒரு வேலையும் மிச்சமில்லை. மாதத்தின் கடைசி நாட்கள் முழுக்க எங்களுக்கே எங்களுக்கு. நான் ஆசைப்பட்டபடியே எல்லாம் நடந்தது. நான் சமைத்தேன். அம்மா சொல்லாமலே வந்து நீலக் கதிரையில் உட்கார்ந்தார், பின்னேரம்வரை எழும்பவே இல்லை. கதிரையை மட்டும் கொஞ்சம் திருப்பிப் போட்டிருந்தார், படலை தெரிகிற மாதிரி. குசினியில் கோப்பைகள் கழுவித் துடைத்துத் தட்டத்தில் கவிழ்த்திருக்கும். கேத்தலில் தண்ணீர் கொதித்துக் கிடக்கும். நான் கொண்டுபோய்க் கொடுக்கிற தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆற அமரச் சாப்பிடுவார். வீதியில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் மட்டும் கையை நிறுத்திக் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். பஸ் போய்விடும்.

"இண்டைக்கும் அந்த நல்ல புள்ளைகளுக்கு வேல போல," என்பார்.